வெள்ளிக்கிழமைக்குக் கல்யாணி

“அண்ணே, ஹேமா ஏத்துன பாட்டெல்லாம் அழிக்கப் போறாங்களாம்.”

புவனேஸ்வரன் என் வீட்டு வாசலில் நின்று இதைச் சொன்னபோது மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். மகன் ஹேமநாதனுடைய கம்ப்யூட்டரை உரப்பை பிளாஸ்டிக்கில் சுற்றிச் சட்டைக்குள் செருகியிருந்தான். செண்டாயானில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கிற ஜாகா வேலை அவனுக்கு. அந்த நீலச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் காய்ந்திருக்கிறது.

“யாரு அழிக்கப் போறா?”

“அந்த இன்டர்நெட்காரங்கதான். ஞாயித்துக்கெழமைக்குள்ள பதில் சொல்லலன்னா மொத்தமும் போயிருமாம். ஆயிரத்து எறநூத்திப் பதினாலும்.”

“மொதல்ல உள்ள வாடா. நனஞ்ச கோழி மாரி நிக்கிற.”

“புஷ்பத்துக்கு இன்னும் தெரியாதுண்ணே.”

பெண்டாட்டிக்குத் தெரியாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறான் என்பது அப்போதே புரிந்துவிட்டது.

மெந்தா தோட்டத்தில் இப்போது தமிழர் வீடு பதினொன்றுதான். ரப்பர் பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள். செம்பனைக்கு வங்காளதேசத்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். எங்கள் பிள்ளைகள் செண்டாயான் கம்பெனிகளுக்கும் போர்ட்டிக்சன் ஹோட்டல்களுக்கும் போனார்கள். நான் முப்பத்தொரு வருஷம் செம்பனைக் குலை லாரி ஓட்டினேன். மூன்றாவது வரை படிப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எவன் எதை இலவசமாகக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அதனால் ஹேமநாதன் பாட்டு ஏற்றுகிற அந்த வேலையை ஆரம்பித்தபோதும் நான் நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஹேமநாதன் புவனேஸ்வரனுக்கும் புஷ்பவள்ளிக்கும் ஒரே பிள்ளை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவன். கம்பெனியில் மிஷின் பழுது பார்ப்பான். சனிக்கிழமையில் சிரம்பானுக்குப் போய்ப் பாட்டுக் கற்றுக்கொண்டான். அப்புறம் ஒரு நாள் பார்த்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒரே பாட்டை நாற்பது தரம் கேட்கிறான்.

“என்னாடா பண்ற?”

“கீர்த்தனைங்களப் பதிவு பண்றோம், பெரியப்பா. மொத அடி, ராகம், தாளம், யாரு பாடி வச்சது, எந்த சாமி மேல. எல்லாம் ஒரே எடத்துல. உலகத்துல யாரு தேடுனாலும் கெடைக்கும்.”

“அப்படின்னா?”

கொஞ்சம் யோசித்தான். “பெரட்டுல கிராணி ஆளுங்க பேரெல்லாம் எழுதுவாருன்னு சொல்லுவீங்கல்ல? விடியக்காத்தால வரிசையா நிக்கவச்சு? அதுதான். இது பாட்டுங்களுக்குப் பெரட்டு.”

“வராத பாட்டு?”

“அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.”

“இதுக்கு யாரு சம்பளம் குடுக்கிறான்?”

“யாரும் இல்ல, பெரியப்பா. அவங்கவங்க சொந்தமா செய்யிறது.”

“அப்ப எவனோ ஒருத்தன் உங்கள வச்சுப் பொழைக்கிறான்.”

சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான். ராகம் புரியாத பாட்டு வந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவான். ஏன் என்று ஒரு தரம் கேட்டேன். “தப்பா எழுதுறதவிட காலியா இருக்கறது நல்லது, பெரியப்பா. பின்னால தெரிஞ்சவங்க வந்து நெரப்புவாங்க” என்றான். இருபத்தேழு வயதுப் பையனுக்கு இருந்த அந்தப் புத்தி எங்களுக்கு இல்லாமல் போனது. அதுதான் இந்தக் கதையே.

சி ரூசாவில் ஒரு கிழவருக்கு யாருக்கும் தெரியாத ஒரு பாட்டுத் தெரியும் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் போனான். பாட்டை ஹென்போனில் பிடித்துக்கொண்டு திரும்பி வரும்போது, சுவா பக்கம் மழை. மணல் லாரி. பையனும் போனான், ஹென்போனும் போயிற்று. அது நடந்து இரண்டரை வருஷம்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம் புவனேஸ்வரன் அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தான். ரகசிய எண் எதுவும் கேட்காமல் அது நேராக மகன் பக்கத்திற்கே போய் நின்றது. “ஹேமநாதன். பதிவுகள்: 846” என்று காட்டியது. பக்கத்தில் எங்கள் பஜனை மடத்துப் பாட்டு நோட்டுகள் நாலு. ஏற்றுவதற்காக ஹேமா வாங்கி வந்து வைத்தவை. புவனேஸ்வரன் ஒற்றை விரலால் ஒரு பாட்டை அடித்து ஏற்றினான். ஒரு மணி நேரம் பிடித்ததாம். எண் 847 ஆனது.

புஷ்பவள்ளி அதைப் பார்த்தாள். மகன் போன நாளிலிருந்து சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறவள், அன்றைக்குத் தட்டு முழுக்கச் சாப்பிட்டாளாம்.

அதற்கப்புறம் அது தினசரிக் காரியமாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக் கேண்டீனில் மீ வறுத்துப் போடுகிற வேலை அவளுக்கு. வேலை முடிந்து வந்து, விளக்கேற்றிவிட்டு, “இன்னிக்கு எவ்வளோங்க?” என்பாள். அவன் சொல்லுவான். பாசாரில் ஆட்களிடம், “ஹேமா ஆயிரத்தத் தாண்டிட்டான்” என்று சொல்லுவாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தரம் வாய்விட்டுக் கேட்டும்விட்டேன்: “செத்தவன் கணக்கு எப்படி ஏறும், புஷ்பம்?” ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. என் வீட்டுக்கு வருகிற நெத்திலிச் சம்பலும் நின்றது.

அப்புறம் நானே அந்தக் காரியத்தில் கைவைத்தேன்.

நோட்டில் பாட்டு இருக்கிறது, ராகம் இல்லை. பஜனையில் புவனேஸ்வரன் ஜால்ரா போட்டவன், நான் டோலக் அடித்தவன். பாடத் தெரிந்தவர், தோட்டத்தில் எங்களை வேலை வாங்கின மாணிக்க மண்டோர் ஒருவர்தான். அவர் போய்ப் பத்தொன்பது வருஷம். புவனேஸ்வரன் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“அண்ணே, இந்தப் பாட்டு என்னா ராகம்?”

“இது எப்பப் பாடுவோம்?”

“வெள்ளிக்கெழமை.”

“அப்ப கல்யாணி.”

நான் விளையாடவில்லை. எங்கள் மடத்தில் அப்படித்தான். மண்டோர் வெள்ளிக்கிழமை பாய் விரித்து உட்கார்ந்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டு, “இன்னிக்குக் கல்யாணி” என்பார். சனிக்கிழமை “இன்னிக்கு மோகனம்”. செவ்வாய்க்கிழமை “இன்னிக்குத் தோடி”. அதற்கப்புறம் பத்துப் பாட்டு, பன்னிரண்டு பாட்டு ஓடும். நாற்பது வருஷம் நாங்கள் ராகம் கிழமைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் சொன்னது முதல் பாட்டுக்கு மட்டும் என்பது யாருக்குத் தெரியும்? ஏன் மண்டோரே என்று கேட்க எவனுக்குத் தைரியம் இருந்தது?

“தெரியாததக் காலியா விடணும்னு அவன் சொன்னானேடா” என்று ஒரு தரம் ஞாபகப்படுத்தினேன்.

“புள்ள பேரு போட்ட எடத்துல ஓட்ட விடச் சொல்றீங்களா?” என்றான் புவனேஸ்வரன்.

அப்படி முந்நூற்று அறுபத்தெட்டுப் பாட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் கிழமை பார்த்து ராகம் போட்டோம்.

அன்றைக்கு அவன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டிய கடிதத்தை எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தேன். தமிழில்தான் இருந்தது, மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஹேமநாதனின் பழைய பதிவுகள் மிகவும் நேர்த்தியானவை. ஆனால் இரண்டரை வருஷமாக வருபவற்றில் ராகங்கள் தாறுமாறாக இருக்கின்றன. உலகமே ஹம்சத்வனி என்று பாடுகிற பிள்ளையார் பாட்டைத் தோடி என்று போட்டிருக்கிறது. இந்தப் பதிவை நம்பி ஒரு மாணவி தன் ஆராய்ச்சியில் பிழையாக எழுதி அவமானப்பட்டிருக்கிறார். கணக்கை வேறு யாரோ திருடியிருக்கலாம் என்று சந்தேகம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஹேமநாதன் தானே பேசி விளக்காவிட்டால், எது சரி எது பிழை என்று பிரிக்க முடியாததால், அந்தப் பெயரில் உள்ள எல்லாப் பதிவுகளும் நீக்கப்படும். கீழே சசிதரன் என்று பெயர், பினாங்கு நம்பர்.

“அந்தப் பிள்ளையார் பாட்டு செவ்வாக்கெழமதானேண்ணே?”

“செவ்வாக்கெழமதான்.”

தகரத்தில் மழை இரைந்தது.

“நீ பேசு” என்றேன். “மகன் செத்துட்டான், நாந்தான் போட்டேன், தெரியாமப் போட்டேன்னு சொல்லு. அவன் போட்டத விடுவாங்க. நீ போட்டத எடுப்பாங்க.”

“எடுத்தா எண்ணூத்தி நாப்பத்தாறுக்கு வந்துருமே.”

“வரட்டும்.”

“அவ தெனமும் பாக்குறாண்ணே.” சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். “இன்னிக்கு எவ்வளோன்னு கேப்பா. நான் என்னான்னு சொல்லுவேன்? கொறையுதுன்னு சொல்லட்டுமா?”

“சொல்லாட்டி மொத்தமும் போவும். அவன் ஒக்காந்து ஒக்காந்து கேட்டுப் போட்டதும் போவும்.”

“நீங்க பேசுங்களேன்.”

“நான் என்னா அப்பனா?”

கடுமையாகத்தான் சொன்னேன். இப்போதும் அதற்கு வருத்தப்படவில்லை. சொல்லவேண்டியவன்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். மழைவிட்டு வெயில் காய்ந்தது. உரம் போட்ட நாற்றம் செம்பனைக் காட்டிலிருந்து வீசியது. புஷ்பவள்ளி பின்னால் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“வாங்கண்ணே. கெழங்கு வேவுது. நெத்திலி சம்பலும் இருக்கு. இருந்து சாப்ட்டுப் போங்கலா.”

“புவனேஸ் எங்க?”

“உள்ளதான். மூணு நாளா ஒரு மாரியா இருக்காரு. ஒரு பாட்டும் போடல. எண்ணு அப்படியே நிக்குது. ஒடம்புக்கு என்னான்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு. நீங்க கேளுங்க.”

உள்ளே அவன் கட்டில் ஓரத்தில் ஹென்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நம்பரை அடித்துவிட்டு அமுக்காமல் இருக்கிறான். நான் அதைப் பிடுங்கி அமுக்கினேன். சத்தமாக வைத்து மேசைமேல் போட்டேன்.

“ஹலோ, சசிதரன் பேசுறேன்.”

புவனேஸ்வரனை முழங்கையால் ஒரு இடி இடித்தேன்.

“சார், நான்… ஹேமநாதன் வீட்டுலேருந்து.”

“ஹேமாவா? அப்பாடா!” குரல் அப்படியே மாறிவிட்டது. “அவரக் கூப்புடுங்க. என்னா மனுசன் அவரு? ரெண்டர வருசமா அவரு ஹென்போனுக்கு எத்தன மெசேஜ் போட்டேன், ஒண்ணுக்கும் பதிலில்ல. நாங்க நேர்ல பாத்ததில்லயே தவிர, முன்னல்லாம் ஒரு ராகத்துக்காக வாரக்கணக்குல சண்ட போடுவோம். கோவமா இருக்காரா? கூப்புடுங்க, நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

புவனேஸ்வரன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

“அவன் இப்ப… வெளிய போயிருக்கான் சார்.”

“டேய்!” என்றேன்.

அப்போதுதான் கதவுப் பக்கம் திரும்பினேன். புஷ்பவள்ளி கிழங்குக் கத்தியோடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, போனுக்குக் கிட்டே குனிந்தாள்.

“தம்பி, நான் ஹேமாவோட அம்மா பேசுறேன்.”

“வணக்கம்மா. எப்படி இருக்கீங்க?”

“ஹேமா செத்துட்டான் தம்பி. ரெண்டர வருசமாச்சு.”

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. சவத்தை எடுத்த அன்றைக்குக்கூட, “போய்ட்டான்” என்றுதான் கதறினாள்.

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“மோட்டார்ல போவும்போது லாரி இடிச்சிருச்சு. அதுக்கப்பறம் போட்டதெல்லாம் அவுங்கப்பா. அவருக்கு ராகம் தெரியாது. என்னா தப்பாயிருச்சு தம்பி?”

சசிதரன் சொன்னான். பொறுமையாகச் சொன்னான். இந்த இரண்டரை வருஷத்துப் பாட்டில் முக்கால்வாசி வேறு ஆட்கள் முன்னமே சரியாக ஏற்றியவை. மிச்சத்துக்கு ஒலிப்பதிவு இல்லாததால் ராகம் சொல்ல வழியில்லை. ஹேமா போட்ட எண்ணூற்று நாற்பத்தாறையும் தொடமாட்டார்கள். அது என்றைக்கும் அவன் பேரில் இருக்கும். மற்ற முந்நூற்று அறுபத்தெட்டையும் எடுத்தே ஆகவேண்டும்.

“ராகத்த மட்டும் அழிச்சிட்டு, பாட்ட விட்டுற வேண்டியதுதானே?” என்றேன் நான்.

“நீங்க யாருங்க ஐயா?”

“பக்கத்து வீடு. ராகம் சொன்ன மடையன்.”

“அவர் பேர்ல விட முடியாது ஐயா. அவர் செஞ்சதில்லயே அது. வேற எங்கயும் இல்லாத பாட்டுங்க கொஞ்சம் இருக்கு. அத வேணா அப்பா பேர்ல புதுசா போட்டுத் தரேன். அப்பா, கேக்குதா? உங்க பேரச் சொல்லுங்க.”

“என் பேரு எதுக்குங்க?” என்றான் புவனேஸ்வரன். தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. “என் பேரு எதுக்கு?”

புஷ்பவள்ளி அவனைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, அழிக்கறது எப்படி? ஒண்ணொண்ணா அழிப்பீங்களா, ஒரேயடியாவா?”

“ஒரேயடியாதான்மா. ஒரு தட்டுத் தட்டுனா போயிரும்.”

“ஒரேயடியா வேணாம் தம்பி.”

“அம்மா…”

“ஒரு தரம் ஒரேயடியா போய்ட்டான். காலையில இருந்தவன் சாயங்காலம் இல்ல. நான் முழுசா பாக்கக்கூட இல்ல, கட்டிக் கொண்டாந்துட்டாங்க. இத மெள்ள எடுங்க. தெனம் கொஞ்சம். நான் பாத்துக்கறேன்.”

“சரிம்மா” என்றான் சசிதரன். “ஸ்கூல் வேல முடிஞ்சு, சாயங்காலம் நானே ஒக்காந்து எடுக்கறேன்.”

அடுப்பில் கிழங்கு அடிப்பிடித்த வாசம் வந்தது. அவள் நிமிர்ந்து அடுப்படிக்குப் போனாள். கருகியதைச் சுரண்டிவிட்டு, நல்லதை மூன்று தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். புவனேஸ்வரன் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். அவள் போட்டதை மிச்சம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சசிதரன் சொன்னபடி செய்தான். நான் நம்பவில்லை, ஆனால் செய்தான். ஒரு நாள் பத்து, ஒரு நாள் ஏழு, பரீட்சைக் காலத்தில் மூன்று. சாயங்காலம் விளக்கு வைத்ததும் புஷ்பவள்ளி கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து உட்காருவாள். இப்போது “எவ்வளோங்க” என்று கேட்பதில்லை. புவனேஸ்வரன் திறந்து வைத்துவிட்டு வெளியே போய்விடுவான். செண்டாயானில் மத்தியான ஷிப்டை வாங்கிக்கொண்டால் இதைப் பார்க்கவேண்டாம் என்று கேட்டுக்கூடப் பார்த்தான், கம்பெனி கொடுக்கவில்லை. எனக்குப் பொழுது போகாது, நான் போய் அவள் பக்கத்தில் உட்காருவேன். 1,204. 1,197. ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பதுபோலத்தான் இருந்தது. ஆயிரத்துக்குக் கீழே இறங்கிய அன்று, “போன வருசம் தீவாளிக்கு இவ்வளோ இருந்தான்” என்றாள். தொள்ளாயிரத்துச் சொச்சத்தில், “இப்பத்தான் எனக்குக் கண்ணு சரியாத் தெரியாமப் போச்சு. ஒரே அழுவ” என்றாள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மகன் போன நாளுக்குப் பின்னாலேயே நடந்து போகிறாள் என்று புரிந்தது. பேச்சில் எனக்குச் சாமர்த்தியம் போதாது.

851 என்று காட்டிய அன்றைக்கு, அவளே கம்ப்யூட்டரை மூடினாள்.

“போதும்ண்ணே.”

உரப்பை பிளாஸ்டிக்கில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். மறுநாள் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. புவனேஸ்வரன் என்னிடம் வந்து, “இன்னும் அஞ்சு இருக்கும்போது மூடிட்டாண்ணே, என்னா செய்யிறது?” என்றான். “நீ ஒண்ணும் செய்யாத” என்றேன்.

ஒரு வாரம் போயிருக்கும். அன்றைக்குச் சனிக்கிழமை. புவனேஸ்வரன் வேலைக்குப் போகும்போது ஹென்போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டான். நான் அவர்கள் வீட்டில் கோப்பி குடிக்க உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. எடுத்தேன்.

“ஐயா, சசிதரன். வேலயெல்லாம் முடிஞ்சிருச்சு. நேத்துதான் கடைசியா அஞ்சு எடுத்தேன். சரியா எண்ணூத்தி நாப்பத்தாறுல நிக்குது. அம்மாகிட்ட சொல்லிடுங்க ஐயா. எனக்குச் சொல்லத் தைரியம் இல்ல.”

“சரி” என்றேன்.

“அம்மா கேட்டுக்கிட்ட மாரியே மெள்ளத்தான் எடுத்தேன்.”

“சரி. சரி தம்பி.”

வைத்துவிட்டேன். அடுப்படியிலிருந்து புஷ்பவள்ளியின் குரல் வந்தது.

“யாருண்ணே போன்ல?”

எழுபத்துநாலு வயதாகிறது. யாரிடமும் முகத்துக்கு நேராகத்தான் பேசியிருக்கிறேன். அதற்காகப் பெண்டாட்டி பிள்ளையிடம்கூட ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

“ராங் நம்பர்.”

அவள் கோப்பியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

“ராங் நம்பர்காரன தம்பின்னா கூப்புடுவாங்க?” என்றாள். “குடிங்கண்ணே, ஆறிப்போவுது.”